கொம்பு ஒடிந்த அரக்கன்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் எப்போதும் ஒரு விளையாட்டுப் பலகை விரித்திருக்கும். மறுபாதியில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். பலகையின் நடுவில் ஒரு கறுப்பு மலை, அதன் உச்சியில் ஒரு கோட்டை, சுற்றிலும் காடும் குகையும் சேறும் வரைந்த கட்டங்கள். கட்டங்களின் மேல் கட்டைவிரல் உயரத்தில் சில காய்கள். அவற்றில் ஒன்று கிழட்டு அரக்கன். தொப்பை சரிந்து, தோளில் ஒரு தடியைச் சாய்த்துக்கொண்டு, பந்தியில் தன்னை யாராவது உட்காரச் சொல்வார்களா என்று பார்ப்பவனைப் போல நிற்பான். அவனுக்கு இடது கொம்பு இல்லை. ஒடிந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பரிமாறும்போது என் கை அவன் மேல் பட்டுவிட்டால் கரண்டியை வைத்துவிட்டு அவனைச் சரியாக நிறுத்துவேன். அது என் நாத்தனாருடைய காய்.

என் கணவருக்கு அவள் ஒரே தங்கை. எங்கள் திருமணத்தில் என் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் அவள்தான். அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்து, "நல்லா இறுக்கிட்டேன் மதினி, இனிமே நீங்க எங்கயும் ஓட முடியாது" என்றாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமணப் புகைப்படங்களில் அந்த ஒரு படத்தில் மட்டும் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அவளுக்கும் திருமணம் நடந்தது. சில காலத்துக்குள்ளேயே ஒரு பையோடு திரும்பி வந்தாள். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து காரணம் கேட்டபோது, "சேந்து இருக்க முடியாது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட இடத்தை மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியதைக் கொண்டு நிரப்பினார்கள். திமிர் என்றார்கள், வேறு யாரோ இருக்கிறார்கள் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை என் கணவர் மறக்கவே இல்லை. அவள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். விடுமுறைக்கு வந்தால் எல்லோருக்கும் ஏதாவது வாங்கி வருவாள், வாங்கிக்கொள்வார்கள். ஆனால் என் மகள் பெரியவளானபோது, அத்தை முறைக்குத் தண்ணீர் ஊற்ற ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். சொந்த அத்தை பந்தலுக்குப் பின்னால் நின்று அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தின் கதையில் கெட்டவள் வேடம் அவளுக்கு என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்து, அடுத்த விசா வரும்வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில்தான் அந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. அங்கே அவளோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். மூடியின் மேல் கொம்பு வைத்த ராஜா ஒருவன் உட்கார்ந்திருந்தான். மலையடிவாரத்தில் சின்னச் சின்னதாகப் பந்தம் பிடித்த வீரர்கள். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் கையில் எது கிடைத்தாலும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

"இதென்ன கண்றாவி? ஒரு செஸ் போர்டு வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றேன்.

"செஸ்ல வெள்ள, கருப்பு, அம்புட்டுதான மதினி. இதுல நம்மதான் அரக்கனுங்க. வீரனுங்க வெளக்கப் புடிச்சுக்கிட்டு நம்மளத் தேடி வருவானுங்க."

"கெட்டவங்கள செயிக்க வைக்கிறதையா புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கப்போற?"

"கெட்டவங்கன்னு டப்பாவுலதான் போட்டிருக்கு. ஒரு ஆட்டம் ஒக்காந்து பாருங்க. பாவமா இருக்கும்."

நான் உட்காரவில்லை. ஆனால் ஒரே அறையில் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டதில் விதிகள் எனக்குப் பாடமாகிவிட்டன. ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, அரக்கர் கட்சி. வீரர்களை யாரும் ஆடுவதில்லை. சீட்டைப் புரட்டினால் அதில் உள்ளபடி அவர்கள் பலகையின் நான்கு மூலைகளிலிருந்தும் நடந்து வருவார்கள். ஒரு காட்டைத் தேடி முடித்தால் அதன் மேல் தீப்பந்தம் வரைந்த ஒரு வில்லையை வைத்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விடிவதற்குள் அரக்கர்கள் மலைக்கோட்டைக்குள் போய்ச் சேர வேண்டும். என் மகள் எப்போதும் நாகராணியை எடுப்பாள். வீரர்கள் நெருங்கினால் மற்றவர்களைப் போலத் தூரமாக ஓடமாட்டாள். அவர்கள் பார்த்துவிட்டுப் போன கட்டத்துக்குள், தீப்பந்த வில்லைக்கு அடியிலேயே, போய் உட்கார்ந்துகொள்வாள்.

"ஏத்தா கள்ளி, மறுபடியும் பந்தத்துக்குள்ள போயிட்டியா?"

"தேடி முடிச்ச எடத்துல யாரும் தேட மாட்டாங்கத்தே."

என் நாத்தனாரின் ஆட்டம் வேறு. இந்த விளையாட்டில் ஓர் அரக்கன் விரும்பினால் மறைவிலிருந்து வெளியே வந்து நடுவழியில் நிற்கலாம். நின்றால் அந்தச் சுற்றில் வீரர்கள் எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஓடிக்கொள்ளலாம். வந்தவன் அநேகமாகப் பிடிபடுவான். ஆட்டம் இறுகும்போதெல்லாம் அவள் கிழட்டு அரக்கனை எடுத்து நடுவழியில் டொக்கென்று வைப்பாள். "நான் வெளிய வாரேன், நீ ஓடு."

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் நீங்களே போய் மாட்டுனா என்னத்தே அர்த்தம்?" என்று மகள் கோபித்துக்கொள்வாள்.

"நீ கோட்டைக்குள்ள போயிட்டா புடிபட்டவனும் செயிச்ச மாதிரிதான். ரூல்ல போட்டிருக்குல்ல. கெழவன் வேற எதுக்கு இருக்கான்?"

தேர்வு முடிவு வந்த நாளை நான் விவரமாக எழுத வேண்டியதில்லை. இந்த மாநிலத்தில் பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லோரும் அந்தக் காலையை அறிவார்கள். மகள் தேறியிருந்தாள். ஆனால் அவள் நம்பியிருந்த இரண்டு பாடங்களில் மதிப்பெண் மிகவும் இறங்கியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. உரக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் செருப்பை மாட்டியபடி, "சரி, நாளையிலருந்து கடைக்கு வா, மூட்டைய எண்ணு" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். அதில் கோபம்கூட இல்லை. அவள் குளித்தாள், தலை துவட்டினாள், இட்லியைத் தொடவில்லை. நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தபோது வீட்டில் இல்லை. அவளுடைய போன் மேசை மேல் கவிழ்ந்திருந்தது.

தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் நான் ஆண்டுதோறும் பேசியிருக்கிறேன். அந்தக் கவிழ்ந்த போனைப் பார்த்ததும் என் கால்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முந்திரிக்காட்டை நோக்கி ஓடின. கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் முந்திரிக்காடு இல்லாத வீடு குறைவு. எங்களுடையது புயலில் பாதி சாய்ந்து, சாய்ந்த மரங்களே மறுபடி துளிர்த்து, தரையோடு தரையாகப் படர்ந்து கிடப்பது. அதன் நடுவில் கிணறு, கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம். நான் பெயரைச் சொல்லிக் கத்தியதில் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். கடையிலிருந்து கணவர் வந்தார். மோட்டார் ரூம் கதவைத் தள்ளிப் பார்த்தார், காலி. யாரோ பாதாளக்கரண்டி கொண்டுவந்தார்கள். வாளி விழுந்தால் எடுக்கிற அந்தக் கொக்கிக் கொத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். இரும்பு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும்; பிறகு கயிறு தொய்யும்; பிறகு இழுப்பார்கள். ஒரு முறை மட்டை வந்தது. ஒரு முறை நசுங்கிய பிளாஸ்டிக் குடம். கயிறு மேலே வருகிற ஒவ்வொரு முறையும் என் நாத்தனார் என் முகத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டாள். அவளுடைய சேலையின் மஞ்சள் நிறத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

ஒன்றும் சிக்கவில்லை என்றானதும் என் கணவரின் பெரியப்பா மகன் கயிற்றைச் சுருட்டச் சொன்னார். "கெணத்த விடுங்க. இந்த வயசுப் புள்ள போன வச்சுட்டுப் போயிருக்குன்னா இது வேற கதை. கண்டுபுடிக்கக் கூடாதுன்னுதான் வச்சுட்டுப் போயிருக்கு." கூட்டம் ஒரே நொடியில் மாறியது. அதுவரை என்னைப் பார்த்த கண்களில் இருந்த இரக்கம் போய் வேறொன்று வந்தது. யாரோடு பேசுவாள், டியூஷனில் எத்தனை பையன்கள் என்றெல்லாம் கேட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "பேரு கெட்டுரும், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்றார்கள். ஆண்கள் பைக்குகளில் பிரிந்தார்கள்: சிலர் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்கு, சிலர் புதுக்கோட்டைக்கு, சிலர் திருமணம் நடக்கிற கோயில்களுக்கு. அப்போது நான் வேண்டிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் சொல்வதே உண்மையாக இருக்க வேண்டும், அவள் யாரோடாவது போயிருக்க வேண்டும், எவனாக இருந்தாலும் பரவாயில்லை என்று வேண்டினேன்.

எல்லோரும் போனபின் வீட்டில் நானும் என் நாத்தனாரும் மட்டும் இருந்தோம். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மேசையருகே போய் நின்றாள். முந்தின நாள் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"மதினி, மொத மொதல்ல தேடுன எடம் எது?"

"தெரியாத மாதிரி கேக்குற. கெணறுதான்."

"மோட்டார் ரூமையும் அப்பயே பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சு."

அவள் செருப்பை மாட்டினாள். "எந்திரிங்க. சத்தம் போடாம வாங்க."

வெயில் சாய்ந்திருந்தது. மோட்டார் ரூமுக்குள், ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே, காலிச் சாக்குகளின் மேல் என் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் முந்திரிச் சருகு. நான் கதவோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் நாத்தனார்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு நர்ஸைப் போல முதலில் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் சருகைப் பொறுக்கி எடுத்தாள். சருகெல்லாம் தீர்ந்தபின் மகளே பேசினாள்.

"எதுக்கு இங்கிட்டு வந்தேன்னு தெரியலத்தே. ஓரத்துல வந்து நின்னேன். அம்மா கத்துறது கேட்டுச்சு. ஓடிப்போய் மரத்துக்கு அடியில படுத்துக்கிட்டேன். கயிறு விட்டத எல்லாம் பாத்தேன். வெளிய வரணும்னு இருந்துச்சு. வர முடியல. எல்லாரும் போனப்பறம் இதுக்குள்ள வந்து ஒக்காந்துட்டேன்."

"சரித்தா. இப்ப வந்துட்டியே. போதும்."

நாங்கள் எழுந்தபோது தெருப்பக்கம் பைக்குகள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. மகள் மறுபடி கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். என் நாத்தனார் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்க இருந்தன்னு கேப்பாங்க மதினி. கெணத்தடின்னா ஒரு பேச்சு, வேற எங்கயோன்னா ஒரு பேச்சு. எதச் சொன்னாலும் அது காலம் பூராவும் இந்தப் புள்ள தலையிலதான் கெடக்கும். நீங்க வாயத் தொறக்காதீங்க. அண்ணனுக்கும் தெரிய வேணாம்." பிறகு மகளைப் பார்த்தாள். "நான் வெளிய வாரேன். நீ வீட்டுக்குள்ள ஓடிரு."

மகள் முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வாசலில் பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். கணவர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். அவர் மகளைத் தொடுவதற்கு முன்பே கேள்விகள் வந்துவிட்டன. எங்க இருந்த, யாரு கூட இருந்த. என் நாத்தனார் மகளை எனக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"எங்கயும் போகல. எங்கிட்டதான் இருந்துச்சு. மார்க்கப் பாத்துட்டு அண்ணே சத்தம் போடும்னு நான்தான் ஒளிச்சு வச்சேன்."

பிறகு என் கணவர் கேட்டார். அவர் குரல் உயரவில்லை. "கயிறு விடுறப்ப பாத்துக்கிட்டு நின்னியேத்தா. ஒன் மதினிய அணைச்சுக்கிட்டு நின்னியே."

"நின்னேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் எப்படிச் சொன்னாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தன் திருமணம் முறிந்ததற்குச் சொல்லாத காரணத்துக்காக ஏச்சு வாங்கியவள், இப்போது செய்யாத காரியத்தைச் சொல்லி அதையும் வாங்கிக்கொண்டாள். கூட்டத்துக்கு அது உடனே பொருந்திப் போயிற்று. "அரக்கனா வெளையாடச் சொல்லிக் குடுத்தவதான, வேற என்ன செய்வா?" என்று பெரியப்பா மகனின் மனைவி சொன்னாள். என் கணவர் உள்ளே போய் அந்தப் பலகையையும் பெட்டியையும் அள்ளிக்கொண்டு வந்து வாசலில் வீசினார். காய்கள் தெருவரைக்கும் சிதறின. "இனிமே இந்தப் படிய மிதிக்காத" என்றார். அந்த இரைச்சலில் மகள் உள்ளே போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பேச்சு அன்றோடு நின்றது. ஊருக்குப் பேச வேறொருத்தி கிடைத்துவிட்டாள்.

என் நாத்தனார் திருச்சியில் ஒரு தோழி வீட்டில் தங்கி, விசா வந்ததும் அங்கிருந்தே கிளம்பினாள். போகும்வரை தினமும் எனக்குப் போன் செய்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தஞ்சாவூரில் எந்த டாக்டரிடம் மகளைக் கூட்டிப்போக வேண்டும், மாத்திரை கொடுத்தால் எப்படிக் கொடுக்க வேண்டும், "நல்லாயிட்டேன்னு அதுவா சொன்னாலும் நிறுத்திறாதீங்க" என்பதெல்லாம்தான். அப்படியே செய்தோம். கணவரிடம் உடம்பு பலவீனம் என்று சொன்னேன். மகள் மெல்லத் திரும்பி வந்தாள். இன்று தஞ்சாவூரில் தாவரவியல் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நான்தான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. குளியலறையில் சற்று அதிக நேரம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் வெளியே நின்று கூப்பிடுகிறேன். "இருக்கேம்மா" என்பாள். அந்தப் பதிலை அவள் ஒருநாளும் சலிப்போடு சொன்னதில்லை.

சிதறிய காய்களை அன்றே நானும் மகளுமாகப் பொறுக்கி வைத்திருந்தோம். கிழட்டு அரக்கனின் ஒடிந்த கொம்பு மட்டும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் விடுமுறை. மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பாள். அத்தை அங்கிருந்து சொல்லச் சொல்ல இரண்டு பேர் காய்களையும் இவளே நகர்த்துவாள். பாதியில் நின்றால் அடுத்த வெள்ளிவரை அப்படியே இருக்கும். அதனால்தான் எங்களுக்கு அரை மேசை. அந்தக் குரல் கேட்டதும் என் கணவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் பலகைப் பக்கம் பார்க்கமாட்டார்.

இந்தப் பொங்கலுக்கு அவர் வாசலில் உட்கார்ந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் எதிரில் போய் உட்கார்ந்தாள். "அப்பா, அன்னைக்கு அத்தை என்னய ஒளிச்சு வைக்கல" என்று தொடங்கினாள். கிணற்றோரம் நின்றதை, மரத்தடியில் படுத்திருந்ததை, கயிற்றைப் பார்த்ததை, எல்லாவற்றையும் சொன்னாள். இதைச் சொல்ல வேண்டும் என்பது அவளே எடுத்த முடிவு. இதை நான் எழுதலாம் என்று சொன்னவளும் அவள்தான். என் கணவர் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தார். துண்டுகள் விரல் அளவுக்கு வந்துவிட்டன, அப்போதும் நிறுத்தவில்லை. அவள் முடித்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் கையை வைத்தார். கையில் கரும்புப் பிசுக்கு இருந்தது. பிறகு எழுந்து முந்திரிக்காட்டுக்குள் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் நான் மேசையைத் துடைக்க வந்தேன். பலகையில் முந்தைய வெள்ளிக்கிழமை ஆட்டம் நின்றிருந்தது. கிழட்டு அரக்கன் வழக்கம்போல நடுவழியில் நின்றுகொண்டிருந்தான், வீரர்கள் நான்கு பக்கமும் சூழ்ந்திருந்தார்கள். ஆனால் அவன் தனியாக இல்லை. யாரும் எடுக்காமல் பலகைக்கு வெளியே ஓரமாகக் கிடக்கிற இன்னொரு அரக்கக் காய், எலும்பு ராஜா, அவனுடைய ஒடிந்த கொம்புப் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றுகொண்டிருந்தான்.

ஆட்டத்தில் இல்லாத காயைப் பாதியில் அப்படிக் கொண்டுவந்து வைக்க விதியில் இடமில்லை. மகள் வந்து பார்த்தாள். கையை நீட்டி, காயைத் தொடாமலே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை போனில் முகம் தெரிந்ததும் என் நாத்தனார் பலகையைக் காட்டச் சொன்னாள். மகள் காட்டினாள்.

"அது யாருத்தா எங்கிழவன் பக்கத்துல?"

"எலும்பு ராஜாத்தே."

"நம்ம ஆட்டத்துலயே இல்லையே. யாரு வச்சது?"

"அப்பா."

திரை உறைந்துவிட்டதோ என்று மகள் போனை எடுத்துப் பார்த்தாள். உறையவில்லை.

"அண்ணனுக்கு ஆட்டமே தெரியாது" என்றாள் கடைசியில். "அங்க நின்னா அதும் மாட்டிக்கும்."

தோட்டத்துக் கதவு வழக்கம்போலத் திறக்கும் என்று நான் காத்திருந்தேன். அது திறக்கவில்லை. அடுப்படி வாசலில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.